பிர்னியின் காது

"அசையாத. அசையாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

சிக்கந்தர் பாட்சா பூனையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையில் நனைத்த பஞ்சோடு கூடத்தின் நடுவே நின்றிருந்தார். முழங்கையில் புதிதாகச் சிவப்புக் கோடுகள். லுங்கி முழுக்கத் தண்ணீர். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கக் காதில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பூனையின் காதில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் படவில்லை.

"நல்லது பண்ண வர்றவனப் பிறாண்டுறியா? ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல. வளத்தவ வளப்பு அப்படி."

வளர்த்தவள் அவர் மனைவி ஃபஸீஹா. அவள் விழுப்புரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். திண்டிவனத்தை விட்டுப் போய் இரண்டு வாரம் ஆகிறது. போன காரணம் ஒரு சாவி.

வண்டிச் சாவியைக் காணோம் என்று ஒரு நாள் காலையில் சிக்கந்தர் ஆரம்பித்தார். எதிர் மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டார்கள். ஃபஸீஹாவின் சமையலில் தொடங்கி, அவள் வீடு பெருக்கும் லட்சணம், அவள் பிறந்த வீடு, அவள் தங்கை ஷமீமின் வாய் என்று ஒரு சுற்று சுற்றி வந்த பிறகு, சாவி வண்டியிலேயே செருகியிருப்பது தெரிந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்று அதற்கும் ஒரு கத்தல். ஃபஸீஹா பையை எடுத்தாள், பர்தாவை மாட்டினாள், விழுப்புரம் பஸ் ஏறிவிட்டாள்.

துணிமணிகளை எடுத்துக்கொண்டாள், சார்ஜரை எடுத்துக்கொண்டாள். பூனையை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். அதில்தான் சிக்கந்தருக்குத் தைரியம். பூனை இங்கே இருக்கிற வரைக்கும் அவள் திரும்பி வந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்திருந்தார். நினைத்தது போலவே முந்தின நாள் போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம வர்றேன். பிர்னி எப்படி இருக்குது?"

"இருக்குது. காதத்தான் எந்நேரமும் சொறிஞ்சிக்கினே இருக்குது. உள்ள காப்பித்தூள் கணக்கா கருப்பா என்னமோ தெரியுது."

"அழுக்குதான். வெதுவெதுன்னு தண்ணியில பஞ்ச நனைச்சிப் புழிஞ்சிட்டு, வெளிப்பக்கம் மட்டும் தொடைச்சி உடுங்க. உள்ள ஒண்ணையும் உடாதீங்க. பின்னாலேருந்து போய்த் தொடாதீங்க, பயந்துக்கும். எதிர்ல ஒக்காந்து, அது ஒங்களப் பாத்தப்பறம் தூக்குங்க. சோறு வெச்சா லைட்ட ரெண்டு வாட்டி போட்டு நிறுத்துங்க, வந்துரும்."

"பூனைக்கு லைட்டு வேறயா? இது என்னா, கல்யாண மண்டபமா?"

"சொன்னதச் செய்ங்க." பிறகு அவள் சொன்னாள். "நான் வந்து பாப்பேன். அது நல்லபடியா இருந்தா இருக்குறேன். ஒரு பூனையக்கூடப் பாத்துக்க முடியாத வூட்ல எனக்கு என்னா வேலை, நீங்களே சொல்லுங்க."

சிக்கந்தருக்குக் கோபம் வந்தது. ஆனால் கத்துவதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். எனவே சுவரைப் பார்த்துக் கத்தினார்.

கோபம் அவருக்குத் தும்மல் மாதிரி. வருவது தெரியும், நிறுத்த வராது. மேம்பாலத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். வேலை சுத்தம், விலை நியாயம், வாய்தான் ஆகாது. வேலைக்கு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிப்போனார்கள். மாரியப்பன் மட்டும் நின்றான். அவர் வாயைத் திறந்ததும் தையல் மெஷினை ஓட்ட ஆரம்பித்தால் பாதிப் பேச்சு காதில் விழாது என்பது அவன் கண்டுபிடித்த வழி. ஒரே மகன் கத்தாருக்குப் போனவன், போன் செய்தால் அம்மாவிடம் மட்டும் பேசுவான்.

பிர்னிக்கு முன்னால் இந்த வீட்டுக்கு ஒரு மஞ்சள் பூனை வந்தது. வந்த வாரமே, சிக்கந்தர் கேஸ் சிலிண்டர்காரரோடு போட்ட சண்டையில் கூரை ஏறிப் போனதுதான், திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஃபஸீஹா, தங்கை ஷமீமையும் கூட்டிக்கொண்டு கோட்டக்குப்பத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி, நாள் கணக்கில் தேடி, இந்த வெள்ளைப் பூனையைக் கொண்டுவந்தாள். நீலக் கண், பஞ்சு உடம்பு. "மாப்பிள்ள பாக்குறதுக்குக்கூட ஒங்க அத்தா இவ்ளோ அலையல" என்று அன்றைக்கும் சிக்கந்தர் கத்தினார்.

அன்றைக்குத்தான் அந்த அதிசயம் நடந்தது. அவர் கத்தக் கத்த, பிர்னி ஓடவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தது. வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. முடிகிற வரைக்கும் இருந்து கேட்டுவிட்டு எழுந்து போனது. அதிலிருந்து அவர் யாரைத் திட்டினாலும் இதே மரியாதை. "இந்த வூட்ல நான் சொல்றத நின்னு கேக்குற ஒரே ஜீவன் இதுதான்" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்த ஒன்றுக்காகத்தான் அதன் காதைத் துடைக்கவே அவர் ஒப்புக்கொண்டார்.

இப்போது அது கக்கத்திலிருந்து நழுவி, ஃபிரிட்ஜுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"தண்ணியாம், பஞ்சாம்," என்று பஞ்சைத் தூக்கி எறிந்தார். "டாக்டருக்குப் படிச்ச மாதிரி போன்ல பேச வேண்டியது. காதுக்கு என்னா பண்ணணும்னு எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சின்ன வயதில் காதுவலி வந்தால் வீட்டில் தேங்காய் எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, காதில் ஊற்றிப் பஞ்சால் அடைப்பார்கள். மறுநாள் அழுக்கெல்லாம் மிதந்து வந்துவிடும். அவருக்கு வந்தது. அவர் மகனுக்கு வந்தது. பூனைக்கு மட்டும் வராமலா போய்விடும்?

எண்ணெய் காய்ந்து ஆறியது. ஒரு தட்டில் நெத்திலி மீனை வைத்து, வேண்டாவெறுப்பாக லைட்டை இரண்டு முறை போட்டு நிறுத்தினார். பூனை இறங்கி வந்தது. "கரண்டு பில்லு யாரு கட்டுவா, ஒங்க அம்மாவா?" என்று கேட்டுக்கொண்டே பிடித்தார். காது ஒன்றுக்கு ஒரு கரண்டி.

பூனை ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு தலையை உதறியது.

பூனையின் தலை இவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று சிக்கந்தர் நினைத்ததில்லை. எண்ணெய் அவர் கண்ணில் விழுந்தது, சுவரில் விழுந்தது, காலண்டரில் விழுந்தது, மின்விசிறியில் பட்டு அங்கிருந்து மறுபடியும் அவர் மேலேயே விழுந்தது. மிச்சத்தைப் பூனை சோபாவில் ஒரு பக்கமும், ஃபஸீஹாவின் கல்யாண ரஜாய்ப் போர்வையில் இன்னொரு பக்கமுமாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு இருதயமேரி மதில் மேலாக எட்டிப் பார்த்தார். மகள் பிரசவத்துக்கு வந்திருந்ததால் அந்த அம்மா கொஞ்ச நாளாகவே தூக்கமில்லாமல் இருந்தார்.

"பாய், என்னா, ஊறுகா போடுறீங்களா? தெருவே பூண்டு நாத்தம் நாறுது."

"பூனைக்குக் காது கழுவுறேன்."

"கழுவுறதச் சத்தமில்லாமக் கழுவக்கூடாதா? இப்பத்தான் கொழந்த தூங்குது."

"என் வூட்ல நான் கத்துறேன், ஒங்களுக்கு என்னா?"

"ஒங்க வூட்ல கத்துறது எங்க வூட்ல கேக்குதே, அதான்," என்று சொல்லிவிட்டு இருதயமேரி உள்ளே போனார்.

பூனையைப் பார்த்தால் பார்க்கிற மாதிரி இல்லை. பஞ்சு உடம்பெல்லாம் எண்ணெயில் ஒட்டி, மழையில் நனைந்த கோழிக்குஞ்சாக நின்றது. எண்ணெய் போக வேண்டுமானால் சீயக்காய்தான். சிக்கந்தர் வாளியைக் கொண்டுவந்தார். இன்னும் நாலு கோடுகள் வாங்கிக்கொண்டு, ஒரு வழியாகத் தேய்த்துக் குளிப்பாட்டினார். எண்ணெய் போனது. ஆனால் பால் நிறத்தில் இருந்த பிர்னி டீ நிறத்துக்கு வந்திருந்தது.

"இது என்னாடா பேஜாரு," என்று தலையில் கை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஃபஸீஹா வந்து பார்த்தால், நான் விட்டுவிட்டுப் போன பூனை எங்கே என்றுதான் கேட்பாள்.

வெள்ளை மங்கினால் என்ன செய்வார்கள்? வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போட்டுக்கொள்ளும் ஜிப்பாவுக்கு ஃபஸீஹா என்ன செய்வாள்? சொட்டு நீலம் போடுவாள். சிக்கந்தருக்குத் தன் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. வாளித் தண்ணீரில் நீலத்தைச் சொட்டினார். ஒரு சொட்டுக்குத் தண்ணீர் நிறமே மாறவில்லை. மூடியைக் கழற்றிச் சாய்த்தார்.

பத்து நிமிடம் கழித்து வாளியிலிருந்து வெளியே வந்தது வெளிர்நீலப் பூனை. கண்ணுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

"காஞ்சா வெளுத்துரும்," என்று அவர் பூனையிடம் சொன்னார். "ஜிப்பாவும் ஈரத்துல இப்படித்தான் இருக்கும். நீ என்னா மொறைக்கிற? எல்லாம் ஒன்னாலதான். மொதல்லயே காதக் குடுத்துருந்தா இவ்ளோ வேல இருக்குதா?"

பூனை எதிரே உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்தது. திட்டி முடிக்கும் வரை பார்த்தது.

ஜல்தியாகக் காய வைக்கக் கடையில் ஒரு வழி இருந்தது. பழைய சீட்டுகளில் இருக்கும் தூசியை ஊதித் தள்ளும் புளோயர். அதைப் போட்டால் அந்தப் பக்கம் போகிற நாய்கள் வழி மாறிப் போகும், எதிர் டீக்கடைக்காரர் கணக்குச் சொல்வதை நிறுத்திவிடுவார். சிக்கந்தர் பூனையைக் காய்கறிக் கூடையில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார்.

மாரியப்பன் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"என்னா பாய் இது?"

"பூன. பாத்ததில்லியா?"

"இந்தக் கலர்ல பாத்ததில்ல."

"வாய மூடிக்கினு புளோயரப் போடு. தூரமாப் புடி."

புளோயர் அலறியது. கடையின் தகரக் கூரை அதிர்ந்தது. சீட் கவர் மாற்ற வந்திருந்த ஒருவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். பூனை ரெக்சின் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தது. காற்று பட்டதும் கண்ணை மட்டும் சுருக்கியது. பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது.

மாரியப்பன் புளோயரை நிறுத்தினான். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பூனையைப் பார்த்தான்.

"பாய், ஒண்ணு சொன்னாக் கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்றதுக்கு முன்னாடியே கோவம் வருது. சொல்லித் தொல."

"எங்க தெருவுலயும் பூனைங்க இருக்குது. மிக்ஸி போட்டாலே ஓடிரும். இது புளோயர் முன்னாடி ஒக்காந்து கொட்டாவி உடுது. இதுக்குக் காது கேக்குதா?"

"கேக்காம? நான் பேசுனா அப்படியே நின்னு கேக்கும். நீதான் கேக்க மாட்ட."

"இப்பக் கேக்குதான்னு கேட்டேன்."

சிக்கந்தர் பூனைக்குப் பின்னால் போய் நின்று, "பிர்னி," என்றார். அது திரும்பவில்லை. "பிர்னி," என்று கொஞ்சம் உரக்கச் சொன்னார். அது தன் நீலக் காலை நக்கிக்கொண்டிருந்தது. மாரியப்பன் ஷட்டரை மேலிருந்து கீழே இழுத்து விட்டான். மேம்பாலத்தின் அடியில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். பூனை அடுத்த காலுக்கு மாறியது.

"காதுல என்னா ஊத்துனீங்க?"

"எண்ண."

"வெறும் எண்ணயா?"

"பூண்டு போட்டுக் காய்ச்சினது."

மாரியப்பன் நாக்கைச் சப்புக்கொட்டினான். அதுதான் சிக்கந்தரைக் கலக்கியது. அவர் ஐம்பது வயது மனிதர், கடன்காரர்களைக்கூட எழுந்து நின்று எதிர்த்தவர். இப்போது ரெக்சின் சுருளின் மேல், பூனைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒன்றையும் விடாதீர்கள் என்று ஃபஸீஹா அத்தனை தெளிவாகச் சொன்னாள். அவர் கரண்டியால் ஊற்றியிருந்தார்.

"அடைச்சிக்கினு இருக்கும் பாய். சரியாயிரும்," என்றான் மாரியப்பன். "கொஞ்சமாச்சும் கேக்குதான்னு பெரிய சத்தமா ஒண்ணு வெச்சிப் பாத்துருங்க. தீபாவளிக்கு வாங்கினதுல எங்கிட்ட அணுகுண்டு ஒண்ணு மிச்சம் இருக்குது."

வேறு நாளாக இருந்தால் இந்த யோசனையைச் சொன்னவனை அணுகுண்டோடு சேர்த்து வெளியே அனுப்பியிருப்பார். அன்றைக்கு அவருக்கு அது ஒரு வைத்தியமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மை தெரிய வேண்டும். கொஞ்சம் கேட்டால்கூடப் போதும், மிச்சத்தைச் சமாளித்துவிடலாம்.

சாயங்காலம் பூனை வீட்டு மதில் மேல் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. சிக்கந்தர் அது பார்க்காத தெருக்கோடிவரை தள்ளிப் போய், அதன் முதுகுக்குப் பின்னால் வெடியை வைத்தார். பற்ற வைத்துவிட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தார்.

வெடித்தது. இருதயமேரி வீட்டில் பச்சைக் குழந்தை வீறிட்டது. நிறுத்தியிருந்த கார் ஒன்று கூவ ஆரம்பித்தது. தெருநாய்கள் கூட்டமாக ஓடின. மாடியில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டைக் கடலையைக் கொத்திய காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. மதில் மேலிருந்த பூனை, ஓடுகிற நாய்களைப் பார்த்து, இவற்றுக்கு என்ன வந்தது என்பதுபோல் தலையைத் திருப்பியது.

சிக்கந்தர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

"பாய்." இருதயமேரி எதிரே நின்றார். ஒரு தோளில் அழுகிற குழந்தை, இன்னொரு கையில் போன். "பச்சக்கொழந்த இருக்குற எடத்துல வெடி வெக்கிறீங்க. அதுவும் வாயில்லா ஜீவனுக்குப் பின்னாடி ஒளிஞ்சி நின்னு வெக்கிறீங்க. காலையிலேருந்து அதத் தேச்சி, நனைச்சி, கலரடிச்சி, இப்ப வெடி. நான் வீடியோ எடுத்துட்டேன். அனுப்பியும் ஆச்சு."

"போலீசுக்கா?"

"போலீசு என்னா பண்ணும்? ஃபஸீஹாவுக்கு அனுப்பினேன்."

அவர் பதில் சொல்வதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது.

"அந்த நீலமா இருக்குறது என்னாது?" என்றாள் ஃபஸீஹா.

"பிர்னி."

"வெடி எதுக்கு?" என்றாள்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் கேட்டு அவர் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"நான் வரல," என்றாள் ஃபஸீஹா. குரல் உயரவே இல்லை. "நாளைக்கே அத எடுத்தாந்து குடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு இங்கேயே எடம் இருக்குது."

மறுநாள் காலை விழுப்புரம் பஸ்ஸில், மடியில் கூடையோடு சிக்கந்தர் உட்கார்ந்திருந்தார். இன்னொரு கூடையைக் கவிழ்த்து மூடி, ரெக்சின் பட்டையால் கட்டியிருந்தார். உள்ளே பூனை காய்ந்திருந்தது. வெளுக்கவில்லை.

"கூடையில என்னா பாய்?" என்றார் கண்டக்டர்.

"பூன."

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இது என்னா பூன? எந்த நாட்டுது?"

"டிக்கெட்டக் குடுய்யா. பூன எந்த நாடா இருந்தா ஒனக்கு என்னா? விழுப்புரம் ஒண்ணு."

டிரைவருக்கு ஹாரன் மேல் ஒரு பிரியம். ஊரை விட்டு வெளியே வந்ததும், லாரி, கார், ஓரமாகப் போகிற சைக்கிள், கரும்பு டிராக்டர் என்று எதையும் விட்டுவைக்காமல் அடித்தார். முன் சீட்டுக் குழந்தை அழுதது. பக்கத்துச் சீட்டு அம்மாள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். கூடைக்குள் பிர்னி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் சிக்கந்தர் கூடையைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது தூங்கிக்கொண்டிருந்தது.

யார் மேலாவது கோபப்பட்டாக வேண்டும் என்று இருந்தது. வெடி கொடுத்த மாரியப்பன் மேல் பட்டுப் பார்த்தார். வீடியோ எடுத்த இருதயமேரி மேல் பட்டுப் பார்த்தார். நீலம் விற்றவன், பூண்டு விற்றவன், இந்த டிரைவர் என்று வரிசையாக எல்லோரையும் எடுத்துப் பார்த்தார். விக்கிரவாண்டி வருவதற்குள் ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒருவர்தான். அந்த ஆளை எப்படித் திட்டுவது என்று அவருக்குப் பழக்கமில்லை. நின்று கேட்கிற ஒரே ஜீவனின் காதை நீயே அடைத்துவிட்டாயே என்று மட்டும் நினைத்தார். கண் கலங்கியது. பக்கத்துச் சீட்டு அம்மாள் பார்ப்பதைக் கண்டு, "தூசு," என்றார் கோபமாக.

மாமியார் வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். மாமியார் நஃபீசா பீவி முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். மச்சினி ஷமீம் பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஃபஸீஹா எழுந்து வந்து, அவரைப் பார்க்காமல் கூடையை வாங்கிப் பிரித்தாள். நீலப் பூனை வெளியே வந்து, சோம்பல் முறித்து, அவள் மடியில் ஏறிப் படுத்தது. பூண்டு வாசம் கூடம் முழுக்கப் பரவியது.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் மாமியார், மரியாதைக்கு.

"வேணாம் மாமி. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிர்றேன்."

அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து வந்ததில் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அவ தண்ணியில தொடைக்கச் சொன்னா. நான் கேக்கல. பூண்டு எண்ணயக் காய்ச்சிக் காதுல ஊத்திட்டேன். இப்ப அதுக்குக் காது கேக்கல. புளோயர் போட்டேன், ஷட்டர இழுத்தேன். கடசியா வெடி வெச்சிக்கூடப் பாத்தேன். வெளையாட்டுக்கு வெக்கல, கேக்குதான்னு பாக்கத்தான் வெச்சேன். ஒண்ணும் கேக்கல. நல்லாக் கேட்டுக்கினு இருந்த உசுரு. நான்தான் அதச் செவுடாக்கிட்டேன். தப்பு என்னுதுதான்."

தப்பு என்னுடையது என்று அவர் வாயால் யாரும் அதுவரை கேட்டதில்லை. நஃபீசா பீவியின் கையிலிருந்த மல்லாட்டை முறத்தில் விழுந்தது. ஃபஸீஹா அவரையே பார்த்தாள். அவள் முகம் இளகுவதுபோல் இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. ஃபஸீஹா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோளும் குலுங்கியது.

சிக்கந்தர் முதலில் அழுகிறார்கள் என்றுதான் நினைத்தார். பிறகு புரிந்தது. நேற்றிலிருந்து உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"சிரிக்கிறீங்களா? ஒரு வாயில்லா ஜீவனுக்குக் காது போயிருச்சின்னு நான் பஸ் ஏறி வந்து சொல்லிக்கினு இருக்குறேன், ஒங்களுக்குச் சிரிப்பா இருக்குதா? நீங்கல்லாம் மனுசங்களா? ராத்திரி பூரா நான் தூங்கல. அது மூஞ்சிய எப்படிப் பாப்பேன்னு நான் செத்துக்கினு இருக்குறேன்."

அலமாரியில் இருந்த கண்ணாடிப் பாத்திரங்கள் அதிர்ந்தன. நஃபீசா பீவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஃபஸீஹா பழக்கத்தில் தானும் பொத்திக்கொண்டாள். அடுத்த வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது. பிர்னி மட்டும் மடியிலிருந்து இறங்கி வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து, வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்தது.

ஷமீம் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"மச்சான், அதுக்குப் பொறந்ததுலேருந்தே காது கேக்காது. ஒங்க வூட்ல நிக்கிற மாதிரி ஒரு பூன வேணும்னு, அக்காதான் கோட்டக்குப்பம் பூரா தேடி அத எடுத்தா."